வரப்பில் யார் இறங்குவது?

மெதுவாக நடப்பவர் முன்னால் போக வேண்டும். நான் நடத்திய எல்லா இயற்கை நடைகளிலும் விட்டுக்கொடுக்காத விதி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஆளுக்கும் இடத்துக்கும் தகுந்தபடி மாறும். போன வாரப் பயிற்சியில் இதைச் சொன்னபோது உங்களில் சிலர் முகம் சுளித்ததைப் பார்த்தேன். "அப்படிப் போனா நாம போய்ச் சேர்றதுக்குள்ள பறவை பறந்துடும் மேடம்" என்று யாரோ முணுமுணுத்தது காதிலும் விழுந்தது. காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த விதி ஏதோ கருணையில் பிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கருணை எனக்குக் கொஞ்சம் குறைச்சல்தான், என்னோடு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இது சேற்றில் பிறந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து வயல் வரப்பில் மார்கழி மாதம் நடந்தவர்களுக்கு உடனே புரியும். முதலில் போகிறவர் காலுக்குப் புல் கிடைக்கும். நடுவில் போகிறவருக்கு ஈர மண். கடைசியில் வருகிறவருக்கு, முன்னால் போனவர்கள் எல்லாரும் மிதித்துக் குழப்பிய வழுக்குச் சேறு. நாம் என்ன செய்வோம்? நன்றாக நடக்கிறவர்களை முன்னால் ஓடவிட்டு, கால் சரியில்லாத பிள்ளையைக் கடைசியில் அந்தச் சேற்றில் நடக்கவிட்டு, "பாவம், அதால முடியலை" என்று உச்சுக்கொட்டுவோம். முன்னால் விட்டிருந்தால் முடிந்திருக்கும்.

இப்போது உங்களுக்குச் சரிவுப் பாதை இருக்கிறது, கைப்பிடிக் கம்பி இருக்கிறது, பார்வையில்லாதவர்கள் தொட்டு வாசிக்கும் பலகைகூட வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் பொறாமையும் உண்டு. ஆனால் இவை எதுவும் கைகொடுக்காத ஓரிடத்தில், யோசிக்க நேரமில்லாமல், நீங்கள் ஒரு முடிவெடுத்தாக வேண்டிய நாள் வரும். அப்படி எனக்கு வந்த ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். இதை நான் பல வருஷம் என் சாமர்த்தியக் கதையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, யாருடைய கதை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்போது நான் வெண்ணாற்றுக் கரையோரம் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இயற்கை மன்றம் என்று ஒன்று வைத்திருந்தேன். பெயர்தான் பெரிது. மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய், கண்ணில் பட்டதையெல்லாம் "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்பதுதான் மன்றத்தின் வேலை. டீச்சருக்கே பதில் தெரியாத கேள்வியைக் கேட்கும் பிள்ளைக்கு அங்கே தனி மரியாதை. அதனால் போட்டி போட்டுக்கொண்டு கேட்பார்கள். நண்டு ஏன் பக்கவாட்டில் நடக்கிறது, மடையான் பறக்கும்போது மட்டும் ஏன் வெள்ளையாகிவிடுகிறது, நத்தை தன் கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு எங்காவது போகுமா. பாதிக் கேள்விகளுக்கு நான் முழித்திருக்கிறேன், அதைவிடச் சுகமான வேலை எனக்கு அமையவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் கலைச்செல்வி என்று ஒரு பெண். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பியிருந்தது. கக்கத்தில் ஒரு கட்டையை ஊன்றி நடப்பாள். அப்பாவும் அம்மாவும் வயல் கூலிகள், வீடு காலனியில். அவளைப் போன்ற பிள்ளைகளுக்கு அந்தக் காலத்துச் சுற்றுலாக்களில் ஒரே ஒரு வேலைதான் கொடுப்பார்கள். மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் பையையும் செருப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கலைச்செல்வி அதற்குக்கூட வந்ததில்லை, வீட்டிலேயே இருந்துவிடுவாள். ஒரு நாள் மதியம் அவளாகவே என்னிடம் வந்தாள்.

"டீச்சர், சாயந்திரமானா எங்க தெருவுக்கு மேல பறவை வரிசையா போகுது. வெள்ளையா இருக்கும், மூக்கு அரிவா மாதிரி வளைஞ்சிருக்கும். முன்னால போறது கொஞ்ச நேரத்துல பின்னால வந்துடுது. வேற ஒண்ணு முன்னால போயிடுது. அதுங்களுக்குள்ள யார் டீச்சர் முடிவு பண்றா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னதும் அவள் முகத்தில் வந்த பூரிப்பைப் பார்க்க வேண்டுமே!

"அதுங்க எங்க போயி இறங்குதுன்னு பார்க்கணும் டீச்சர். கிட்டத்துலதான் எங்கயோ இறங்குது. சத்தம்கூட சில நாள் கேக்கும்."

அவை இறங்கும் இடம் எனக்குத் தெரியும். ஊருக்குக் கிழக்கே ஒரு குளம், அதன் நடுவே கருவேல மரங்கள், மழைக்காலத்தில் அந்த மரங்கள் முழுக்கக் கூடுகள். அவள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஆனால் பிறந்ததிலிருந்து அவள் அதைப் பார்த்ததில்லை. குளம் சர்க்கார் புறம்போக்கு. அதற்குப் போகிற வரப்போ ஊர்ப் பெரிய மிராசுதாரின் பட்டா நிலத்தில் இருந்தது. காலனிக்காரர்களுக்கு அங்கே வேலை இருந்தால் போவார்கள். பறவை பார்க்க யார் போவார்கள்?

தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. வழியில ஏதாவது ஆச்சுன்னா அதோட சரி. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணுக்காக என்கிட்ட வந்து நிக்கக்கூடாது" என்றார். கலைச்செல்விக்கும் இது தெரியும். அவள் அம்மாவிடமும் இதையே சொல்லித்தான் அனுமதி வாங்கியிருந்தாள். ஆகவே அது ஒரே ஒரு வாய்ப்பு. விழுந்தாலோ, அடிபட்டாலோ, வம்பு ஏதாவது வந்தாலோ, மரத்தடிதான்.

இங்கே அந்தக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கழக ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நில உச்சவரம்பு, பினாமி, குத்தகைப் பதிவு என்ற சொற்கள் டீக்கடை பெஞ்சுவரை வந்துவிட்டன. காலனியில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் சிவப்புக் கொடி ஏறியிருந்தது. அறுவடைக் கூலி எவ்வளவு என்று இரண்டு தரப்பும் முறைத்துக்கொண்டு நின்ற நேரம். நாங்கள் போன சனிக்கிழமை சாயந்திரம்தான் தாசில்தார் முன்னிலையில் பேச்சு என்று வைத்திருந்தார்கள்.

வரப்புக்கு என்று ஒரு பழக்கமும் இருந்தது. எங்கும் எழுதி வைக்காதது. வரப்பில் ஒருவர்தான் நடக்க முடியும். எதிரே மிராசுதாரோ அவர் வீட்டு ஆளோ வந்தால் கூலிக்காரர் வயலில் இறங்கிச் சேற்றில் நின்று வழிவிட வேண்டும். கையில் என்ன இருந்தாலும், தலையில் என்ன சுமந்தாலும் இறங்க வேண்டும். வயசுப் பையன்கள் அதை நிறுத்தத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு முந்தின வாரம் பக்கத்து ஊரில் ஒரு பையன் இறங்கவில்லை என்று அடிதடியாகி போலீஸ் வந்து போயிருந்தது. இதெல்லாம் தெரிந்தும் நான் ஏன் போனேன் என்றால், நாங்கள் வெறும் பள்ளிக்கூடக் கூட்டம்தானே, எங்களுக்கு என்ன வரப்போகிறது என்ற நினைப்புதான். கிராம முன்சீப்பிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன், அவரும் தலையாட்டியிருந்தார்.

காலையில் வரப்பில் ஏறினோம். முன்னால் கலைச்செல்வி, அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் கூத்தாநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் ஜமீலா, அப்புறம் மற்றப் பிள்ளைகள், கடைசியில் டிரில் மாஸ்டர். அவர் பெரிய உருவம், பெரிய மனசு, எதையும் தூக்கிவிடலாம் என்று நம்புகிறவர். "அந்தப் பொண்ணை நான் தூக்கிட்டு வந்துடறேனே டீச்சர், எதுக்குக் கஷ்டம்?" என்று ரோட்டிலேயே கேட்டார்.

"தூக்கினா நான் வரலை சார்" என்றாள் கலைச்செல்வி.

அவர் முகம் வாடிவிட்டது. அவரைத் தேற்றுவதற்காக எல்லாருடைய சாப்பாட்டுப் பாத்திரத்தையும் அவர் தோளில் மாட்டிவிட்டேன்.

கட்டையை ஊன்றி, இடதுகாலை வைத்து, மறுபடி கட்டையை ஊன்றி அவள் போனாள். அவள் வேகத்துக்கு நடந்ததில்தான் எத்தனை பார்த்தோம்! சம்பாப் பயிர் பொதி கட்டும் பருவம், கதிர் இன்னும் தண்டுக்குள்தான். தண்டில் ஒட்டியிருந்த நத்தை முட்டையை ஜமீலா கண்டுபிடித்தாள். வரப்பு ஓட்டைக்குள் ஒரு நண்டு எங்களை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. வேகமாகப் போயிருந்தால் இதெல்லாம் காலுக்கடியில் போயிருக்கும். முகம் சுளித்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வரப்பில் பெரும்பகுதி கடந்துவிட்டோம். குளத்து மதகு தெரிந்தது, கூடுகளிலிருந்து வரும் இரைச்சலும் கேட்டது. அப்போதுதான் மதகுப் பக்கமிருந்து இரண்டு பேர் எங்களுக்கு எதிரே வரப்பில் வந்தார்கள். முன்னால் வந்தவர் பண்ணையின் காரியக்காரர், அதாவது வேலையாட்களை விரட்டி வேலை வாங்குபவர். பின்னால் குடையோடு மிராசுதார். மதகில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வரப்புக்குப் பக்கத்து வாய்க்கால் கரையிலோ சங்கத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மிராசுதாரைப் பார்த்ததும் அவர்கள் எழுந்து நின்றார்கள். மரியாதைக்காக எழுந்தது போல எனக்குத் தோன்றவில்லை.

"இறங்கு, இறங்கு. ஐயா வராங்கல்ல" என்று காரியக்காரர் தூரத்திலேயே கையை வீசினார்.

பின்னாலிருந்த பிள்ளைகளில் இரண்டு பேர் சொன்ன உடனே தொபுக்கென்று சேற்றில் இறங்கிவிட்டார்கள். ஜமீலா என் புடவையைப் பிடித்து, "டீச்சர், நாமளும் இறங்கணுமா?" என்றாள். கலைச்செல்வி நின்றாள். கட்டையைத் தனக்கு முன்னால் அழுத்தி ஊன்றிக்கொண்டு நின்றாள்.

காரியக்காரர் அவளுக்கு நேர் எதிரே வந்துவிட்டார். "ஏ நொண்டிப்புள்ள, காது கேக்கலை?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "மரியாதையா பேசுங்க. அந்தப் பொண்ணால இறங்க முடியாது. கண்ணு தெரியுதுல்ல? காலைப் பாருங்க" என்றேன்.

"முடியாதவளை எதுக்கு டீச்சரம்மா வரப்புல கூட்டிட்டு வரீங்க? இதென்ன கடைத்தெருவா?"

கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "தங்கச்சி, இறங்காத! யாரும் இறங்காதீங்க!" இறங்கி நின்ற இரண்டு பிள்ளைகளும் பயந்துபோய் மறுபடி வரப்பில் ஏறப் பார்த்து ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். கடைசியிலிருந்து டிரில் மாஸ்டர், "டீச்சர், நான் வந்து தூக்கிடவா?" என்று கத்தினார். கரையில் நின்றவர்களில் இருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள்.

மனசுக்குள் வேகமாகக் கணக்குப் போட்டேன். இவள் இறங்கி விழுந்தால் கரையிலிருப்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். மிராசுதார் இறங்கினால், சாயந்திரம் கூலிப் பேச்சுக்கு முன்னால் ஊர் பார்க்கச் சேற்றில் இறங்கினார் என்ற பேச்சோடு அவர் தாசில்தார் முன்னால் போய் உட்கார வேண்டும். அதற்குக் காரியக்காரர் உயிரே போனாலும் விடமாட்டார். நாங்கள் எல்லாரும் வந்த வழியே திரும்பிவிடலாம். ஆனால் ரோடுவரை போய் மறுபடி இவ்வளவு தூரம் வர அவளால் ஆகாது. ஏற்கெனவே கக்கத்தில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே சனிக்கிழமை அத்தோடு முடிந்துவிடும்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு காரியத்தை மட்டும் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். கத்துகிற ஆளை விட்டுவிட்டு, கத்தாத ஆளைப் பார்த்தேன். மிராசுதார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் கலைச்செல்வியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கண் வாய்க்கால் கரையிலேயே இருந்தது. குடைக்காம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. அட, இந்த மனுஷனுக்கு எங்களோடு சண்டை இல்லை, அவர்கள் பார்க்கிறார்களே என்பதுதான் இவர் பாடு என்று புரிந்தது. புரிந்ததும் என் பயத்தில் பாதி போய்விட்டது. அவருக்குப் பின்னால் மதகு மேடை இருந்தது. சிமெண்டுத் தளம், நாலு பேர் தாராளமாக நிற்கலாம்.

கலைச்செல்வியின் தோளுக்கு மேலே எட்டி, கரைக்குக் கேட்காதபடி தணிந்த குரலில் பேசினேன்.

"ஐயா, வெண்ணாத்துப் பாலத்துல ரெண்டு பஸ் எதிரெதிரா வந்துட்டா, யாருக்குக் கரை கிட்ட இருக்கோ அந்த பஸ்தானே ஒதுங்கும்? மதகு உங்களுக்குக் கிட்ட இருக்கு. நீங்க திரும்பி முன்னால நடங்க. நாங்க உங்க பின்னாலயே வந்துடறோம். பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு ஐயாவே குளத்தைக் காட்டக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கும்."

அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தது போலத் தோன்றியது. பிறகு வாய் ஓரத்தில் லேசாக ஏதோ அசைந்தது.

"பஸ்ஸுக்கு நீங்கதான் கண்டக்டரா?"

"ஆமாங்க. விசில் மட்டும்தான் இல்லை."

அவர் குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, திரும்பி, மதகைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். காரியக்காரருக்கு வேறு வழியில்லை. இவ்வளவு நேரம் ஐயாவுக்கு முன்னால் வந்தவர், இப்போது ஐயாவுக்கும் கலைச்செல்விக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். பின்னால் கட்டை ஊன்றும் சத்தம் கேட்கக் கேட்க, முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். கரையிலிருந்து இறங்கி வந்த இருவரும் நின்றுவிட்டார்கள். சண்டை போட வந்தவர்களுக்கு, மிராசுதார் முன்னால் நடக்க பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்னால் போகும் ஊர்வலத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை போலும்.

மதகு மேடையில் அவர் ஒதுங்கி நின்றார். கலைச்செல்வி அவரைக் கடந்தபோது கேட்டார். "யார் வீட்டுப் பொண்ணு நீ?"

அந்தக் காலத்தில், அந்த ஊரில், அந்தக் கேள்விக்கு நிறைய அர்த்தம் இருந்தது. நான் முந்திக்கொண்டு, "எங்க ஸ்கூல் பொண்ணுங்க" என்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காலனி. மாரிமுத்து பொண்ணுங்க" என்றாள்.

அவர் "ம்" என்றார். அந்த "ம்" என்ன "ம்" என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாரிமுத்துவுக்கு அதனால் தொல்லை எதுவும் வந்ததாகக் கேள்விப்படவில்லை. கூலிப் பேச்சு மட்டும் அன்றைக்கு முடியாமல் இழுத்தது.

குளத்துக்கரைக்குப் போனோம். கருவேல மரம் ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காகக் கூடு. அரிவாள் மூக்கன் ஒரு கிளையில், நத்தை கொத்தி நாரை இன்னொரு கிளையில், உச்சியில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. மீன் அழுகிய நாற்றமும் எச்சத்தின் நெடியும் சேர்ந்து குடலைப் புரட்டியது. பிள்ளைகள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கலைச்செல்வி பொத்தவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எவ்ளோ சத்தம் டீச்சர்! வானத்துல போறப்ப ஒண்ணுமே பேசாது. இங்க வந்துதான் எல்லாத்தையும் பேசிக்குது."

முன்னால் போவது யார் என்ற அவள் கேள்விக்கு அங்கேயும் பதில் கிடைக்கவில்லை. ஒரு கூட்டம் கிளம்புவதைப் பார்த்தோம். இதுதான் தலைவர் என்று நாங்கள் குறித்து வைத்த பறவை குளத்தைத் தாண்டுவதற்குள் மூன்றாவதாகப் போய்விட்டது. அவளுக்கு அதில் ஏமாற்றம் இல்லை. கைகொட்டிச் சிரித்தாள். வீட்டுக்கு மேலே தினம் போகிற பறவை எங்கே தூங்குகிறது என்று பார்ப்பதற்கு இவ்வளவு பாடு பட வேண்டியிருந்ததே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

டிரில் மாஸ்டர் புளிசாதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னைப் புகழ்ந்து தள்ளினார். "பஸ் கதை சொன்னீங்க பாருங்க டீச்சர், அங்கதான் நிக்கறீங்க." நானும் கொஞ்சம் மிதந்துகொண்டுதான் இருந்தேன். சண்டை வராமல், யாருக்கும் மானம் போகாமல் முடித்துவிட்டேனே! கதை இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்ல நல்ல பாடம்தான். பிரச்சினை என்னவென்றால், நாங்கள் திரும்பி வர வேண்டியிருந்தது.

திரும்பும்போதும் அதே வரிசை, கலைச்செல்வி முன்னால். மிராசுதார் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார், கரையிலும் ஆள் இல்லை. பாதி வரப்பு வந்திருப்போம், எதிரே ஒரு அம்மா வந்தாள். தலையில் பெரிய புல்லுக்கட்டு, நனைந்து நீர் சொட்டுகிறது. அந்தக் கட்டின் கனம் அவள் கழுத்து நரம்பில் தெரிந்தது. வயலில் களை பறித்துவிட்டு மாட்டுக்குப் புல் கொண்டு போகிறாள். எங்களைப் பார்த்தாள். டீச்சர், சார், சீருடைப் பிள்ளைகள். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே, பழக்க தோஷத்தில், ஒரு காலைச் சேற்றில் இறக்கிவிட்டாள். கட்டு ஒரு பக்கம் சாய்ந்தது.

"அக்கா, இறங்காதீங்க! இருங்க, இருங்க. தலையில சுமையை வச்சிக்கிட்டு எங்க இறங்கறீங்க?"

கத்தியது கலைச்செல்விதான். நான் "பொறு, நாங்க..." என்று ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கக்கத்துக் கட்டையை எடுத்து என் கையில் திணித்தாள். வரப்பில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் பின்னால் ஊன்றிக்கொண்டு, முதலில் நல்ல காலை, அப்புறம் மற்றக் காலை, மெதுவாக வயலில் இறக்கினாள். முழங்காலுக்கு மேலே சேறு. பாவாடை தண்ணீரில் விரிந்தது. வரப்பைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள்.

அதைப் பார்த்ததும் ஜமீலா குதித்தாள். மற்றப் பிள்ளைகளும் வரிசையாகத் தொப் தொப்பென்று இறங்கினார்கள். பாத்திரங்கள் கலகலவென்று குலுங்க டிரில் மாஸ்டரும் இறங்கினார். கடைசியாக நான், கையில் கட்டையோடு. அந்த அம்மா எங்களை எல்லாம் வரிசையாகப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஏன்டி பொண்ணு, துணியெல்லாம் சேறாயிடுச்சே."

"கழுவிக்கலாம்க்கா. நீங்க பார்த்துப் போங்க, மதகுகிட்ட வழுக்குது."

அவள் தலைச்சுமை ஆடாமல் எங்களைக் கடந்து நடந்து போனாள். புல்லிலிருந்து சொட்டிய நீர் என் கண்ணாடியில் விழுந்தது. அவள் தூரம் போனதும் கேட்டேன்.

"ஏன் கலைச்செல்வி, உன்னால இறங்க முடியுமா?"

அவள் சேற்றிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

"எங்க வீட்டைச் சுத்தி வயல்தானே டீச்சர். சின்னப் பிள்ளையிலேர்ந்து இறங்கி ஏறிக்கிட்டுதானே இருக்கேன்."

"அப்ப காலையில..."

"முடியாதுன்னு நீங்கதான் அந்த ஆள்கிட்ட சொன்னீங்க. நான் ஒண்ணும் சொல்லலையே. நான் சும்மா நின்னேன், அவ்வளவுதான்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அதற்குப் பின்னால்தான் சிரிப்பு வந்தது. ஊரே பார்க்க, அடிதடி வரும் என்று தெரிந்தே, அப்பா பெயர் கேட்பார்கள் என்று தெரிந்தே, ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் இறங்காமல் நின்றிருக்கிறாள். நான் அவளுக்கு உதவுகிறேன் பேர்வழி என்று, பாவம் கால் சரியில்லை என்று அவளுக்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்பதற்கு எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் கேள்வி கேட்கும் மன்றம் நடத்தியவள் நான்!

உங்களில் யாருக்காவது இது நடக்கும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவரால் எது முடியும், எது முடியாது என்று பார்த்தவுடனே நமக்குத் தெரிந்துவிட்டது போல இருக்கும். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு அவரிடமே கேளுங்கள். பாதி நேரம் நம் கணிப்பு தப்பாக இருக்கும். மீதி நேரமும், அதைச் சொல்ல வேண்டியவர் நாமாக இருக்க மாட்டோம்.

"இறங்கறது சுலபம் டீச்சர், ஏறுறதுதான் கஷ்டம். கை குடுங்க" என்றாள். அன்றைக்கு அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. ஒரு கையை நான் பிடித்தேன், இன்னொரு கையை ஜமீலா பிடித்தாள். வரப்பில் உட்கார்த்திவைத்து, கட்டையைக் கொடுத்தோம். ரோட்டுக்கு வந்ததும் வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டே அவள் இன்னொன்றும் சொன்னாள்.

"ஹெச்.எம். கேட்டா நான் விழுந்துட்டேன்னு சொல்லிடாதீங்க டீச்சர். இறங்கினேன்னு சொல்லுங்க."

பள்ளிக்கூட வாசலிலேயே தலைமை ஆசிரியை காத்திருந்தார். இடுப்புவரை சேறாகி வந்த கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. மற்றவர்களை விட்டுவிட்டு நேராகக் கலைச்செல்வியிடம்தான் வந்தார். பாவாடையைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். அவள் என் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பவே சொன்னேன். விழுந்துட்டாளா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லீங்க. வரப்புல ஒரு அம்மா புல்லுக்கட்டோட எதிர்ல வந்தாங்க. வழிவிடறதுக்காக இறங்கினா. அவ இறங்கினதைப் பார்த்துத்தான் நாங்க எல்லாரும் இறங்கினோம்."

"நீங்களுமா?"

என் புடவையைத் தூக்கிக் காட்டினேன். அவர் அதையும் பார்த்தார். கலைச்செல்வியை இன்னொரு முறை பார்த்தார். பிறகு அலுவலகப் பக்கம் திரும்பி நடந்துகொண்டே, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார்.

"அடுத்த மாசம் வரப்ப மாத்துப் பாவாடை ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லுங்க அந்தப் பொண்ணை."